முதல் மெழுகுவர்த்தி: வாசனை பிறகு, திரி முதலில்

முதல் மெழுகுவர்த்திக்கு நிறமும் வேண்டாம், வாசனையும் வேண்டாம். சுமார் 200 மில்லி பிடிக்கிற தடித்த கண்ணாடி டம்ளர் ஒன்று, கால் கிலோ பாரஃபின் மெழுகு, மூன்று வெவ்வேறு தடிமனில் பருத்தித் திரி. இவ்வளவு போதும். வெறும் வெள்ளை மெழுகுவர்த்தி செய்ய யாருக்கும் ஆசை வராது என்பது தெரிந்ததுதான். ஆனால் ரோஜா மணமும் இளஞ்சிவப்புச் சாயமும் கலந்து ஊற்றிய மெழுகுவர்த்தி, பற்றவைத்த பத்தாவது நிமிடமே அணைந்தால், கோளாறு திரியிலா எண்ணெயிலா சாயத்திலா என்று கண்டுபிடிக்க வழியில்லை. மூன்றுமே சுடரைப் பாதிக்கிறவை.

எரிவது எது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். மெழுகு கட்டியாக இருக்கும்போதும் எரியாது, உருகி நிற்கும்போதும் எரியாது, ஆவியானால்தான் எரியும். எரிகிற மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் ஒரு வெண்புகை எழும் அல்லவா? திரிக்கு ஒரு விரற்கடை மேலே, அந்தப் புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். சுடர் புகை வழியாகவே இறங்கி வந்து திரியில் உட்கார்ந்துகொள்ளும். அந்தப் புகை குளிர்ந்துபோன மெழுகாவி. ஆக, திரி செய்வது தண்ணீர் மோட்டாரின் வேலை: உருகிய மெழுகை உறிஞ்சி மேலே ஏற்றிக்கொண்டே இருப்பது. திரி மெலிதாக இருந்தால் சுடருக்குத் தீனி போதாது. தடித்திருந்தால் தீனி மிஞ்சும். எரியாத மிச்சம் கரியாக வெளியேறும். பின்னால் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றுதான்.

எந்த மெழுகு?

பாரஃபின் மெழுகு பெட்ரோலியச் சுத்திகரிப்பில் கிடைப்பது. சென்னை மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் அசாமின் நுமாலிகரிலும்கூட உற்பத்தியாகிறது. கடைகளில் பலகை பலகையாகவோ சிறு மணிகளாகவோ விற்பார்கள். வாங்கும்போது உருகுநிலையைக் கேளுங்கள்: 58–60 டிகிரி வகை, நன்கு சுத்திகரித்தது, எண்ணெய்ப் பிசுக்கு இல்லாதது. ஒரு துண்டை விரலால் தேய்த்துப் பார்த்தால் வழவழப்பாக இருக்கலாம். விரலில் எண்ணெய் ஒட்டக் கூடாது. மட்டமான மெழுகு மண்ணெண்ணெய் வாடை அடிக்கும், புகையும் அதிகம் விடும்.

சோயா மெழுகு இப்போது எல்லோரும் தேடுவது. மணத்தை நன்றாகப் பிடித்து வைக்கும், கழுவுவதும் சுலபம். ஆனால் பாத்திரத்தில் ஊற்றுவதற்கான சோயா மெழுகு 45–50 டிகிரியிலேயே உருகும். சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டால் கஞ்சியாகிவிடும். அலமாரியில் இருந்தாலே மேற்பரப்பில் எண்ணெய் முத்து முத்தாக வியர்க்கும். குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துக் கற்கிறவர்கள் தடுக்கி விழும் முதல் இடம் இது. சோயாவைக் கண்ணாடியில் மட்டும் ஊற்றுங்கள், அச்சில் வார்த்துத் தனியாக நிற்க வைக்கப் பார்க்காதீர்கள். தேன்மெழுகு 62–64 டிகிரியில் உருகும், அருமையாக எரியும், விலைதான் கையைச் சுடும். ஜெல் மெழுகைத் தொடக்கத்தில் தொடவே வேண்டாம். அதற்கு அதிகச் சூடு தேவை, அதோடு ஒத்துப்போகிற வாசனை எண்ணெய்களும் குறைவு.

திரி

தையல் நூலோ, குத்துவிளக்குப் பஞ்சுத் திரியோ உதவாது. விளக்குத் திரி எண்ணெயில் படுத்துக் கிடப்பதற்குச் செய்தது; உருகிய மெழுகில் நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து மூழ்கிவிடும். மெழுகுவர்த்திக்கு வேண்டியது பின்னிய பருத்தித் திரி. தட்டையாகப் பின்னிய திரி எரியும்போது முனை ஒரு பக்கம் வளைந்து சுடரின் விளிம்புக்கு வரும். அங்கே காற்று படுவதால் முனை தானே எரிந்து சாம்பலாகும். 1825-இல் பிரான்சில் காம்பசெரே என்பவர் இந்தப் பின்னலைக் கொண்டுவரும் வரை, மெழுகுவர்த்தி எரியும் வீட்டில் அடிக்கடி ஒருவர் எழுந்துபோய்த் திரியைக் கத்தரித்துவிட வேண்டியிருந்தது.

மெழுகு பூசி, அடியில் வட்டத் தகரம் மாட்டிய ஆயத்தத் திரிகள் கிடைக்கின்றன. தொடங்குகிறவர்களுக்கு அவையே நல்லது. ஒரே அளவில் ஐம்பது வாங்குவதைவிட, அடுத்தடுத்த மூன்று அளவுகளில் பத்துப் பத்து வாங்குங்கள். எந்த விட்டத்துக்கு எந்தத் திரி என்று விற்பவரின் அட்டவணை சொல்வது தோராயம்தான். உங்கள் மெழுகில், உங்கள் டம்ளரில் எரித்துப் பார்த்த பிறகே அது உறுதியாகும்.

வீட்டிலேயே திரி செய்வதென்றால், மெழுகு பூசாத பருத்தி நூலை மூன்று பிரியாகப் பின்னுங்கள். ஒரு கப் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பும் இரண்டு மேசைக்கரண்டி வெண்காரமும் கரைத்து, பின்னலை ஒரு நாள் ஊறவைத்து, இரண்டு நாள் தொங்கவிட்டுக் காயவையுங்கள். வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பஞ்சு வேகமாக எரிந்து தீர்வதை இந்தக் கரைசல் தடுக்கும், சாம்பல் திரியிலேயே தங்காமல் சிறு மணியாகி விழவும் வைக்கும். மழைக்காலத்தில் இரண்டு நாள் போதாது. உள்ளே ஈரம் தங்கினால் மெழுகுவர்த்தி பொரிகடலை போலப் படபடவென்று வெடிக்கும். காய்ந்த திரியை உருகிய மெழுகில் முக்கி, காற்றுக் குமிழிகள் வருவது நின்றதும் எடுத்து, நேராக இழுத்துப் பிடித்து ஆறவிடுங்கள்.

பாத்திரமும் கருவியும்

ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு வேண்டும். 110 டிகிரி வரை காட்டும் தெர்மாமீட்டர் ஒன்றும் வேண்டும். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் 42-இல் நின்றுவிடும். மெழுகு உருக்க மூக்கு வைத்த பழைய எவர்சில்வர் ஜக் அல்லது அலுமினியப் பால் குக்கர். இனி அது சமையலுக்குத் திரும்பாது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். செம்பு, பித்தளைப் பாத்திரம் வேண்டாம். மெழுகைக் கெட்டிப்படுத்தப் பின்னால் ஸ்டியரிக் அமிலம் சேர்க்கும்போது, அது அவற்றோடு வினைபுரிந்து மெழுகு பச்சை தட்டும்.

மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதன் அடியில் இட்லித் தட்டோ சிறிய வளையமோ போட்டு, மேலே மெழுகு ஜக்கை இறக்குங்கள். தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது, ஆகவே மெழுகும் தாண்டாது. நேரடி நெருப்பில் வைத்தால் எந்த நொடியில் 200 டிகிரியை நெருங்கித் தீப்பற்றும் என்பது கண்ணுக்குத் தெரியாது. மெழுகு கொதிப்பதில்லை, பொங்குவதுமில்லை. எச்சரிக்கையாக வருவது லேசான புகை மட்டும். இன்டக்‌ஷன் அடுப்பு இருந்தால் அதில் செய்யுங்கள், திறந்த நெருப்பே இருக்காது. ஜக்குக்குப் பொருந்துகிற தட்டு ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தீப்பிடித்தால் அடுப்பை அணைத்து, தட்டால் மூடி, அப்படியே விடுங்கள். தண்ணீர் ஊற்றினால் அது ஒரே நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகைக் கூரை வரை வாரி இறைக்கும். கையில் சூடான மெழுகு பட்டால் மட்டும் தண்ணீர்: குழாயடியில் கையைக் காட்டி நன்றாக ஆறவிடுங்கள், தோலோடு ஒட்டியதைப் பிய்க்காதீர்கள்.

எவ்வளவு மெழுகு?

டம்ளரில் நீங்கள் நினைக்கும் மட்டம் வரை, விளிம்புக்கு ஒரு விரல் கீழே, தண்ணீர் ஊற்றி அளந்து பாருங்கள். 180 மில்லி வந்தது என்று வைத்துக்கொள்வோம். உருகிய பாரஃபின் தண்ணீரைவிட எடை குறைவு, மில்லிக்கு ஏறக்குறைய 0.8 கிராம். ஆக முதல் ஊற்றுக்கு 145 கிராம். ஆறும்போது மெழுகு சுருங்கி நடுவில் குழி விழும். அதை நிரப்ப இன்னும் 25 கிராம். மொத்தம் 170 கிராமை ஒன்றாக உருக்கி, அந்த 25 கிராமை ஜக்கிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அளந்த தண்ணீரைக் கொட்டியபின் டம்ளரைப் பொட்டு ஈரமில்லாமல் துடைக்க வேண்டும்.

ஊற்றும் முறை

திரியின் தகர அடியில் ஒரு சொட்டுச் சூட்டுப் பசை வைத்து, டம்ளரின் நடு மையத்தில் அழுத்துங்கள். மேலே இரண்டு ஐஸ் குச்சிகளை விளிம்பின் குறுக்கே வைத்து, நடுவில் திரியைக் கவ்வவிட்டு, இரு முனையிலும் ரப்பர் பேண்ட் போடலாம். திரி கால் அங்குலம் விலகினாலும் ஒரு பக்கக் கண்ணாடி அளவுக்கு மீறிச் சூடாகும், மறுபக்கம் மெழுகு உருகாமல் நிற்கும்.

டம்ளரைக் கொஞ்சம் சூடாக்குங்கள். அரைமணி நேரம் வெயிலில் வைத்தாலே போதும். குளிர்ந்த கண்ணாடியில் சூடான மெழுகு பட்டால் விரிசல் விழலாம். விழாவிட்டாலும் பக்கவாட்டில் படிக்கட்டுப் போலக் கோடுகள் தெரியும்.

மெழுகு முழுவதும் உருகி 80–85 டிகிரி வந்ததும் இறக்கி, ஜக்கின் அடியில் ஒட்டியிருக்கும் தண்ணீரைத் துடையுங்கள். இதை மறப்பவர்கள் அதிகம். ஊற்றும்போது சொட்டும் அந்த இரண்டு துளிதான் பிற்பாடு மெழுகுவர்த்திக்குள் குமிழியாக உட்கார்ந்திருக்கும். 75 டிகிரிக்கு இறங்கியதும், நூல் பிடித்ததுபோல் மெல்ல, நிறுத்தாமல் ஊற்றுங்கள். டம்ளரின் பக்கத்தைக் கரண்டியால் நாலைந்து தட்டுத் தட்டினால் காற்று மேலே வந்துவிடும்.

இனி மின்விசிறியை அணையுங்கள். விசிறிக் காற்றில் மேல்பகுதி மட்டும் சீக்கிரம் இறுகி, உள்ளே இருப்பது பிறகு சுருங்கும்போது இழுக்க இடமில்லாமல் திரியை ஒட்டி ஒரு குகை விழும். மேலே பார்த்தால் வழவழவென்று அழகாகத்தான் இருக்கும். எரித்துக்கொண்டு வரும்போது ஒரு நாள் சுடர் அந்தக் குகைக்குள் சடாரென்று இறங்கி அணையும். ஃபிரிட்ஜில் வைப்பதும் இதே தப்பு, கூடவே விரிசலும் வரும்.

முக்கால் மணி நேரம் கழித்து மேலே பாலாடை போல் கெட்டியாகியிருக்கும். ஈர்க்குச்சியால் திரியைச் சுற்றி மூன்று நான்கு இடங்களில், பாதி ஆழம் வரை குத்துங்கள். குச்சி சில நேரம் பொசுக்கென்று இறங்கும்; அங்கேதான் குகை உருவாகிக்கொண்டிருந்தது. இன்னும் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் நடுப்பகுதி நன்றாக அமுங்கியிருக்கும். மீதி மெழுகை மறுபடி உருக்கி, முதல் முறையைவிட ஐந்து டிகிரி கூடுதலாக, 80-இல், அந்தக் குழிக்குள் மட்டும் ஊற்றுங்கள். முதல் மட்டத்தைத் தாண்டினால் ஓரத்தில் இரண்டாவது கோடு விழும். ஒரு நாள் முழுக்க ஆறட்டும். பிறகு திரியை அரை சென்டிமீட்டருக்குக் கத்தரியுங்கள்.

சோயாவுக்கு இந்த வெப்பநிலைகள் பொருந்தாது. 80 வரை சூடாக்கி, 55–60-இல் ஊற்ற வேண்டும். குழி அதிகம் விழாது, பெரும்பாலும் ஒரே ஊற்றில் முடியும்.

எரித்துப் பார்ப்பது

மெழுகுவர்த்தி செய்வதில் பாதி இதுதான், பலரும் தவிர்ப்பதும் இதைத்தான். காற்றில்லாத இடத்தில், தட்டின் மேல் வைத்து, நேரம் குறித்துக்கொண்டு பற்றவையுங்கள். 7 சென்டிமீட்டர் அகல டம்ளர் என்றால் இரண்டரை முதல் மூன்று மணி நேரத்தில் உருகிய மெழுகுக் குளம் ஓரத்தைத் தொட வேண்டும். ஆழம் ஒரு சென்டிமீட்டரைச் சுற்றி இருக்க வேண்டும். சுடர் ஆடாமல், ஒரு அங்குலத்துக்கு மேற்படாமல் நின்றால் திரி சரி.

நடுவில் மட்டும் கிணறு தோண்டியதுபோல் இறங்கி, ஓரத்து மெழுகு சுவராக நின்றால் திரி மெலிது. ஒரு அளவு ஏற்றுங்கள். சுடர் துள்ளுகிறது, கண்ணாடி ஓரம் கறுக்கிறது, திரி முனையில் காளான் போல் கரிமொட்டு கட்டுகிறது, டம்ளரைத் தொட முடியவில்லை என்றால் தடித்த திரி. ஒரு அளவு குறையுங்கள். குளம் சரியாக இருந்து சுடர் மட்டும் குட்டையாகி மூழ்கினால் திரி அடைபட்டிருக்கிறது. காரணம் பெரும்பாலும் சாயம், அல்லது அளவுக்கு மீறிய வாசனை எண்ணெய்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுங்கள். திரியை மாற்றினால் மெழுகும் டம்ளரும் அதேதான் இருக்க வேண்டும். டம்ளரின் அடியில் ஒரு காகிதம் ஒட்டி, மெழுகு எத்தனை கிராம், எந்தத் திரி, ஊற்றிய வெப்பநிலை, தேதி ஆகியவற்றை எழுதிவிடுங்கள். ஞாபகத்தை நம்பினால் மூன்றாவது டம்ளரிலேயே எல்லாம் குழம்பும்.

முதல் முறை எரிக்கும்போது குளம் ஓரத்தைத் தொடும் வரை அணைக்கக் கூடாது. அரைமணியில் அணைத்தால் அந்தச் சின்ன வட்டத்திலேயே அடுத்த முறையும் உருகி, சரியான திரி போட்டிருந்தாலும் கிணறு விழும். அதேபோல ஒரே மூச்சில் நாலு மணி நேரத்துக்கு மேல் எரியவிடவும் வேண்டாம்.

வாசனையும் நிறமும்

வெள்ளை மெழுகுவர்த்தி ஒழுங்காக எரிந்தபின் இங்கே வாருங்கள். மெழுகுவர்த்திக்கென்று விற்கும் வாசனை எண்ணெயை மட்டும் வாங்குங்கள். உடலில் பூசும் சென்ட்டில் ஆல்கஹால் இருக்கிறது. சூட்டில் ஆவியாகும், தீயும் பிடிக்கும். சமையல் எசென்ஸ் மெழுகோடு கலக்கவே கலக்காது. பாரஃபினுக்கு எடையில் 3 முதல் 6 சதவீதம்: 170 கிராமுக்கு 5 முதல் 10 கிராம். சோயாவுக்கு 6 முதல் 8 வரை போகலாம். கூட ஊற்றினால் மணம் கூடும் என்று நினைப்பது இயல்பு, நடப்பது வேறு. மெழுகு பிடித்துக்கொள்ள முடியாத எண்ணெய் அடியில் தேங்கும், மேலே வியர்க்கும், திரியை அடைக்கும். சுமார் 80 டிகிரியில் சேர்த்து, குறைந்தது இரண்டு நிமிடம் நிதானமாகக் கிளறுங்கள். சோயா மெழுகுவர்த்தியை ஒரு வாரமாவது மூடி வைத்தபின் பற்றவைத்தால் மணம் நன்றாகப் பரவும். எண்ணெய் சேர்த்தபின் அதே திரி ஒத்துவராமல் போகலாம், ஆகவே சோதனையையும் மறுபடி செய்ய வேண்டும்.

நிறத்துக்கு எண்ணெயில் கரையும் மெழுகுச் சாயம். கேசரிப் பவுடரும் கேக்குக்குப் போடும் நிறத் திரவமும் தண்ணீரில் கரைபவை. மெழுகின் அடியில் புள்ளி புள்ளியாக நிற்கும். குழந்தைகளின் கிரேயான் உருகும், நிறமும் வரும். ஆனால் அதிலுள்ள நிறத்தூள் கரைவதில்லை, போய்த் திரியை அடைக்கும். சாயம் நகக்கண் அளவு போதும். உருகியிருக்கும்போது தெரியும் நிறத்தை நம்பாமல், ஒரு சொட்டு வெள்ளைக் காகிதத்தில் விட்டு ஆறியபின் பாருங்கள்.

அச்சில் வார்ப்பவை

தனியாக நிற்கும் மெழுகுவர்த்திக்குப் பாரஃபினோடு ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பார்கள்: கிலோவுக்கு 50 முதல் 100 கிராம். மெழுகு கெட்டிப்படும், பால் வெண்மை வரும், வெயிலில் சீக்கிரம் வளையாது, உலோக அச்சிலிருந்து சுலபமாகக் கழலும். சிலிக்கான் அச்சுக்குக் கழலுவதற்காக அது தேவையில்லை. அச்சின் அடித்துளையைத் திரி போட்டபின் குழந்தைகள் விளையாடும் க்ளே கொண்டு அடைத்து, அச்சை ஒரு தட்டில் வைத்து ஊற்றுங்கள். ஒழுகினால் தரை தப்பிக்கும். கழலவில்லை என்றால் கத்தியால் நெம்ப வேண்டாம், பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தால் சுருங்கி விட்டுக்கொடுக்கும். முழுவதும் ஆறியபின் என்பதால் இங்கே ஃபிரிட்ஜால் கெடுதல் இல்லை.

உருளியில் மிதக்கவிடுவதற்குக் கப்கேக் அச்சே போதும். கெட்டியான பாரஃபினில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீருக்குள் இருக்கும், ஒரு பங்குதான் வெளியே தெரியும். அதனால் உயரம் குறைவாகவும் மேல்பக்கம் அகன்றும் இருக்க வேண்டும். ஒடுங்கிய உருவம் சாய்ந்து திரியை நனைத்துவிடும்.

அகல் போன்ற சுடுமண் பாத்திரம் மெழுகை உறிஞ்சி வெளிப்பக்கம் கசியும்; பளபளப்புப் பூச்சுள்ள பீங்கான் நல்லது. கொட்டாங்கச்சி பார்க்க அழகு, ஆனால் அது விறகு. சுடர் அடிக்கு வந்ததும் ஓடே பற்றிக்கொள்ளும். அதில் ஊற்றினால், அரை அங்குல மெழுகு மிச்சமிருக்கும்போதே அணைத்துவிட வேண்டும்; கண்ணாடி டம்ளருக்கும் இதே கணக்குதான்.

மிச்சமான மெழுகைச் சேர்த்து வைத்து, உருக்கி, பழைய பருத்தித் துணியில் வடிகட்டினால் அடுத்த சோதனைக்கு ஆகும். ஜக்கைச் சூடாக இருக்கும்போதே செய்தித்தாளால் துடைத்துவிடுங்கள். மெழுகு கலந்த வெந்நீர் சிங்க்கில் போகக் கூடாது, குழாய்க்குள் ஆறி அடைத்துக்கொள்ளும். சட்டையில் சிந்தினால் ஐஸ் வைத்து உடைத்துச் சுரண்டி, மிச்சத்தின் மேலும் கீழும் அச்சடிக்காத காகிதம் வைத்து மிதமான சூட்டில் இஸ்திரி போடுங்கள். மெழுகு காகிதத்துக்கு மாறிவிடும்.